செம்பு இல்லை என்று சொன்னவள்

மூன்றாவது தொட்டிச் சரக்கும் கெட்டியாகவில்லை.

அடிக்குழாயைத் திறந்தபோது, தேன் பதத்தில் நூலாக இறங்க வேண்டிய திரவம் தண்ணீராகச் சளசளவென்று வாளியில் விழுந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு கண்ணாடிக் கோலை அதில் முக்கித் தூக்கிப் பார்த்தார். கோலில் ஒன்றும் நிற்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மாடியில் இருந்த ஆய்வகத்துக்குப் போன் செய்தார். எடுத்தவள் அவருடைய மச்சினி.

"இதுவும் போச்சும்மா" என்றார்.

"எப்படி அத்தான் போகும்? நான் எழுதிக் குடுத்த மாதிரிதானே செஞ்சீங்க?"

"அப்படியேதான் செஞ்சேன்."

"அப்படியேவா?" என்று மறுபடி கேட்டாள். அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

வீட்டில் அவளுக்குச் சின்னு என்று பேர். அத்தான் ஒருமுறை எல்லார் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டுவிட்டதில் தொழிற்சாலையிலும் அதுவே நிலைத்துவிட்டது. பாலிமர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்றாலும், கேன்டீன்காரர்கூட அவளைச் சின்னு மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

தொழிற்சாலையில், நோயாளிகளின் உடம்புக்குள் செருகும் மெல்லிய குழாய்களைச் செய்தார்கள். குழாய் உள்ளே போகும்போது உரசாமல் இருக்கவும், கிருமி ஒட்டாமல் இருக்கவும் அதன்மேல் ஒரு வழவழப்பான பூச்சு வேண்டும். அந்தப் பூச்சுதான் சின்னுவின் வேலை. பாலிமர் என்பது நீண்ட சங்கிலி. சங்கிலியின் கண்ணிதோறும் வழவழப்பான சிறு துண்டு ஒன்றைக் கோத்துவிட்டால் பூச்சு தயார். ஆனால் சங்கிலியும் துண்டும் தாமாகச் சேராது. பழைய முறையில் அவற்றைச் சேர்த்துவைக்கச் செம்பு உப்பைப் போடுவார்கள். ஆய்வகத்தில் செம்புக்குத் தரகர் என்று பட்டப்பேர். இரண்டு தரப்பையும் சேர்த்துவைத்துவிட்டு விலகிப் போக வேண்டிய தரகர், போகாமல் வீட்டோடு தங்கிவிடுவார். எத்தனை கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது உடம்புக்கு ஆகாது.

சின்னு அந்தத் துண்டின் நுனியைக் கொஞ்சம் மாற்றி அமைத்தாள். செம்பே போடாமல், சூடும் பண்ணாமல், வெறுமனே கலக்கிவிட்டால் போதும். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரவம் தேனாகிவிடும். உலோகமே தேவைப்படாத வினை என்று அவள் எழுதிய கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. டைரக்டர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் குழாய்களை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. புதுத் தொட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள நிதானமான ஆள் வேண்டும் என்றபோது, "எங்க அத்தான் இருக்காரு சார், அவரைவிட நிதானம் யாரும் இல்ல" என்று சொன்னவளும் சின்னுதான்.

இப்போது மூன்று தொட்டிச் சரக்கு வீணாகிவிட்டது. மூன்றும் அத்தான் கை பட்டவை.

மறுநாள் டைரக்டர் அறையில் கூட்டம். டைரக்டர் கெட்டவர் இல்லை. யாரிடமும் கத்திப் பேசத் தெரியாதவர். மேஜைமேல் விரலால் கோடு போட்டபடி சின்னுவிடம் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. வினையிலேயே ஏதாவது தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா?"

"இல்ல சார். எங்க லேப்ல ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்ல."

அது உண்மைதான். அதனால் அவள் தயங்காமல் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். வினையில் தப்பு இல்லையென்றால் தப்பு கையில்தான் இருக்க வேண்டும். இது அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்தது, சொன்ன அவளைத் தவிர. அவளுக்குப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் அத்தானிடம் விளக்கம் கேட்டு மெமோ தயாராகிவிட்டது. அன்று மாலையே அவரைத் தொட்டிப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்காவும் அத்தானும் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்கள். சின்னு அதே கட்டடத்தில் மேல்தளம். இரண்டு வேளைச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அன்று சின்னு போனபோது அக்கா ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா வார்டு நர்ஸ். கடுமையான வேலை பார்த்துவிட்டு வந்தாலும் முகத்தில் காட்ட மாட்டாள். அன்று காட்டினாள்.

"என்னடி சொன்ன அங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்க்கா."

"அவர்மேல தப்புன்னு சொன்னியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வினைமேல தப்பில்லன்னு சொன்னா அதுக்கு வேற என்ன அர்த்தம்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் கூடம் கோணலா இல்லையான்னு பாத்தியா முதல்ல?"

அத்தான் கூடத்தில் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். "விடு" என்றார் அக்காவிடம். பிறகு சின்னுவைப் பார்த்து, "மூடி திறந்திருந்துச்சான்னு கேக்கறாங்க. தண்ணி பட்டுச்சான்னு கேக்கறாங்க. எனக்கே இப்போ சந்தேகமா இருக்கும்மா. பட்டிருக்குமோன்னு" என்றார்.

அதுதான் சின்னுவைக் குத்தியது. செய்யாத தப்பைத் தானே செய்திருப்போமோ என்று ஒரு மனுஷர் நினைக்க ஆரம்பித்துவிட்டார். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு மாடி ஏறினாள்.

அடுத்த நாள் அவளே கீழே இறங்கித் தொட்டி அறைக்குப் பக்கத்துச் சிறிய ஆய்வகத்தில், எல்லார் கண்முன்னாலும் செய்துகாட்டுவதாகச் சொன்னாள். அங்கே எல்லாம் புதுச் சாமான். பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்த குடுவைகள். அளந்து ஊற்றினாள். கலக்கும் பொறியைச் சுழலவிட்டாள். சுற்றி நின்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டு வந்தார்கள். குடுவையில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தண்ணீர்தான்.

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. யாரோ, "மேடத்துக்கும் மெமோ வருமா?" என்று பின்னால் கேட்டது காதில் விழுந்தது. சிலர் சிரித்தார்கள். 

அவள் குடுவைகளைக் கழுவாமலேயே மாடிக்கு ஓடினாள். அதே புட்டிகளிலிருந்து அதே அளவு எடுத்துத் தன்னுடைய மேஜையில் கலக்கினாள். டீ நேரத்துக்குள் தேன்.

அதன்பிறகு அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. மாடியில் நடக்கிறது, கீழே நடக்கவில்லை. என்ன வித்தியாசம்? கீழ்த்தளத் தண்ணீரை மேலே கொண்டுவந்து பார்த்தாள், நடந்தது. மேல்தள வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தாள், நடந்தது. கீழேயிருந்த புதுக் குடுவையை மேலே கொண்டுவந்தாள், அதிலும் நடந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கடைசியில் மாற்ற ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது குடுவையின் அடியில் சுழன்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

அது விரல்நுனி அளவுள்ள காந்தத் துண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்டது. பார்க்க மாத்திரை மாதிரி இருக்கும், அதனால் ஆய்வகத்தில் அதற்கு மாத்திரை என்றே பேர். குடுவைக்குள் போட்டுக் காந்த மேடைமேல் வைத்தால் தானே சுழன்று கலக்கும். சின்னு வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அந்த மாத்திரைகள் அங்கே இருந்தன. பழைய செம்பு முறைக்கு வருஷக்கணக்கில் உழைத்தவை. உறை பழுத்து, உடம்பெல்லாம் நுண்ணிய கீறல்.

அவள் கீழேபோய்ப் பிரிக்காத பாக்கெட்டிலிருந்து புது மாத்திரை ஒன்றை எடுத்துவந்தாள். அவள் மேஜையில், அவள் குடுவையில், அவள் கையால். 

தண்ணீர்.

அப்போதே தெரிந்துவிட்டது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பழைய மாத்திரையைத் திரும்பப் போட்டு, கூடவே செம்பைக் கண்டால் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு மருந்தைச் சொட்டு விட்டாள். பழைய மாத்திரை இருந்தும் இப்போது தண்ணீராகவே இருந்தது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தரகர் போகவே இல்லை. கீறலுக்குள் ஒளிந்துகொண்டு இத்தனை காலமும் வேலை செய்திருக்கிறார். அவள் உலகத்துக்குச் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிட்டது.

பரிசோதனைப் பிரிவில் இருந்தவரைப் பூஜ்யம் சார் என்பார்கள். எந்தப் பூச்சைக் கொடுத்தாலும் "செம்பு: பூஜ்யம்" என்று முடிவு தருவதால் வந்த பேர். அவரிடம் போய்க் கேட்டாள்.

"சார், நீங்க பூஜ்யம்னு சொல்றீங்களே, நிஜமாவே பூஜ்யமா?"

"என் மிஷினுக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்றார் அவர். "கிட்டப்பார்வைக்காரன் தூரத்துல யாரும் இல்லன்னு சொல்ற மாதிரி. ஏன், யாரோ நிக்கறாங்களா?"

அவருக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆய்வகத்தில் இன்னும் கூர்மையான கருவி இருந்தது. மாடியில் செய்த பூச்சு மாதிரிகளை அங்கே அனுப்பி வைத்தார். முடிவு வந்தபோது அவரே மாடி ஏறிவந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். எல்லாவற்றிலும் செம்பு இருந்தது. சிலதில் துளி, சிலதில் அதைவிடப் பல மடங்கு. எந்த மாத்திரை விழுந்தது என்பதைப் பொறுத்தது.

சின்னு டைரக்டரிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நம்ம மிஷினுக்கே தெரியாத அளவு. அது உடம்பை என்னம்மா பண்ணிடப் போகுது?"

"அளவே நம்ம கையில இல்ல சார். கீறல்லேர்ந்து கசியுது. இன்னைக்குத் துளி, நாளைக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது."

"சரி. தொட்டியில நாமளே கொஞ்சமா அளந்து போட்டுட்டா? நல்லாக் கழுவிட்டா?"

"அப்போ அது பழைய முறை சார். பேரு மட்டும் புதுசு."

"பேரை மாத்த வேண்டாம்னுதான் நானும் சொல்றேன்."

அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வரப்போகிறார்கள். இந்தத் தொட்டியை நம்பித்தான் புது ஆட்களை எடுத்திருக்கிறோம். உன் அத்தான்மேலுள்ள மெமோவை இன்றே கிழித்துப் போட்டுவிடலாம், தொட்டிக்கு அவரையே திரும்பப் பொறுப்பாக்கலாம். "யாரும் கெட்டுப்போக மாட்டாங்க. யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அத்தானின் தலை நிமிரும், அக்கா பழையபடி பேசுவாள், சட்டம் போட்ட கட்டுரை சுவரிலேயே இருக்கும். அவள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம்தான். ஆனால் இது கடுகு. கடுகை மறைக்க ஒரு பிடி சோறு போதும்.

அக்கா வீட்டுக்குப் போய் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில், "தப்பு உங்கமேல இல்ல அத்தான். என்மேலதான்" என்றாள்.

அத்தானுக்குக் கண் கலங்கியிருந்தது. கோபமா நிம்மதியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டார்.

"மெமோவைத் திரும்ப வாங்கிக்கறேன்னு சொன்னாரா?"

"ஆமா."

"அப்போ வாங்கிக்கட்டுமே. நான் ஒண்ணும் பெரிய மகான் இல்லம்மா. எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு. அந்தத் தொட்டி எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒரு சிட்டிகை செம்பு. இத்தனை வருஷமா பழைய முறையில போட்டுட்டுத்தானே இருந்தாங்க?"

"அப்போ போட்டிருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க அத்தான். கொஞ்ச நேரம் உள்ள இருக்கற குழாய்க்கு மட்டும்தான் வாங்கினாங்க. இது இல்லன்னு சொன்னதால, வாரக்கணக்குல உள்ளயே வைக்கற குழாய்க்குப் பூசப் போறோம்."

அக்கா நிமிர்ந்தாள். "வாரக்கணக்குலயா?"

"ஆமாக்கா."

அக்கா எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினாள். சின்னு பின்னால் போய் நின்றாள்.

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"எங்கிட்ட கேக்காத" என்றாள் அக்கா, திரும்பாமல். "நர்ஸா கேட்டா ஒண்ணு சொல்லுவேன். பொண்டாட்டியா கேட்டா ஒண்ணு சொல்லுவேன். ரெண்டையும் சேத்து ஒரே வாயால சொல்ல எனக்குத் தெரியல."

ஆஸ்பத்திரிக் குழுமத்திலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்தார்கள், கூடவே கொள்முதல் அதிகாரி ஒருவர். கூட்ட அறையில் பிஸ்கட்டும் டீயும் வைத்திருந்தார்கள். டைரக்டர் எல்லாரையும் அறிமுகப்படுத்திவிட்டு, "இவங்கதான் கண்டுபிடிச்சவங்க" என்று சின்னுவைப் பேசச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கேட்டுக்கொள்கிற பார்வை.

சின்னு எழுந்தாள். "நாங்க சொன்ன வினையில உலோகம் இல்லன்னு சொல்லியிருந்தோம். அது தப்பு" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு சுலபமாக இருந்தது. பழைய மாத்திரை, கீறல், வெளி ஆய்வகத்து முடிவு எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியில் ஏன் நடக்கவில்லை என்பதையும் சொன்னாள். "தொட்டியைப் பாத்துக்கிட்டவர் எந்தத் தப்பும் பண்ணல. அங்கதான் எல்லாம் சுத்தமா இருந்துச்சு. அதனாலதான் நடக்கல."

டாக்டர்களில் மூத்த அம்மாள் டீயைக் கீழே வைத்தார். "இதை இதுவரைக்கும் யாருக்காவது போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. அதனாலதான் இப்பவே சொல்றேன்."

"செம்பே இல்லாம, நிஜமாவே இல்லாம, இது நடக்குமா?"

"நடக்கும்னு நெனைக்கிறேன். ஆனா மெதுவா. சூடு பண்ணணும், ஒரு நாள் முழுக்க ஆகலாம். சரியா வருமான்னு இன்னும் எனக்குத் தெரியாது."

அவர்கள் டைரக்டரிடம் தனியாகக் கொஞ்சம் பேசிவிட்டுப் புறப்பட்டார்கள். கார் போன பிறகு டைரக்டர் சின்னுவிடம் வந்தார். "நீ சொன்னது சரிதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்டதான் சார் முதல்ல சொன்னேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நேருக்கு நேர் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

மெமோ ரத்தானது. ஆனால் தொட்டிக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. அதற்காக எடுத்த புது ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருத்தி போகும்போது ஆய்வகக் கதவருகே நின்று சின்னுவை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று சின்னுவுக்கு இருந்தது. அத்தானைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பெட்டிக்கு நாடா ஒட்டும் வேலை. வரவேற்பறைச் சுவரில் சட்டம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பத்திரிகைக்கு அவளே எழுதிக் கட்டுரையை வாபஸ் வாங்கினாள். தெரிந்தவர்கள் சிலர் போன் செய்து தைரியம் சொன்னார்கள். ஒரு பழைய வகுப்புத் தோழர், "எங்க மாத்திரைகளையும் தூக்கிப் போட்டுட்டோம், பயமா இருக்கு" என்றார். அது ஒன்றுதான் கொஞ்சம் ஆறுதல்.

அக்கா சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒருநாள் மட்டும், கழற்றிய சீருடையை மடித்துக்கொண்டே தானாகச் சொன்னாள். "இன்னைக்கு ஒரு பாட்டிக்குக் குழாய் மாத்தினேன். உள்ள வச்சு ரொம்ப நாள் ஆச்சு. மாத்தும்போது உன்னை நெனச்சேன்." மடித்த சீருடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னு விடாமல் வேலை செய்தாள். புது மாத்திரை, புதுக் குடுவை, கூடவே செம்பைக் கட்டும் மருந்து, எந்தச் சந்தேகமும் மிஞ்சாதபடி. துண்டின் நுனியை இன்னும் மாற்றினாள். சூட்டைக் கூட்டினால் சங்கிலி அறுந்தது, குறைத்தால் சேரவில்லை. பல மாதம் தோற்றபிறகு ஒரு பதம் கிடைத்தது. இளஞ்சூட்டில் ஒரு பகல் முழுவதும் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கெடும். இந்த முறை முடிவைத் தானே எழுதாமல், மூன்று வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பி அவர்களையே செய்துபார்க்கச் சொன்னாள். மூன்று இடத்திலும் நடந்தது. கூர்மையான கருவியாலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பூஜ்யம் சார் அந்த முடிவைப் பார்த்துவிட்டு, "இப்போதான் என் பேருக்கு மரியாதை" என்றார்.

மூத்த டாக்டரம்மாள் தானாகவே போன் செய்து விசாரித்தார். டைரக்டர் சிறிய அளவில் தொட்டியைத் திரும்ப ஓட்டலாம் என்றார். பொறுப்புக்கு யார் என்று கேட்டபோது சின்னு அத்தான் பேரைச் சொன்னாள். டைரக்டர் மறுக்கவில்லை.

அவள் பேக்கிங் பிரிவுக்கு இறங்கிப் போனாள். அத்தான் ஒரு அட்டைப்பெட்டியின் வாயை மடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். 

"நல்ல சேதிம்மா" என்றார். "வேற யாரையாவது போடு."

"ஏன் அத்தான்? உங்களுக்கு அந்த வேலை பிடிக்கும்னு சொன்னீங்களே."

"பிடிக்கும்தான். ஆனா அந்தத் தொட்டி கிட்டப் போனா, மூடி திறந்திருக்கான்னு பாத்துட்டு, திரும்பிப் பாப்பேன். மறுபடி பாப்பேன். வீட்டுக்கு வந்தப்புறமும் அதே நெனப்பா இருக்கும். முன்னாடி எனக்கு என் கைமேல ஒரு நம்பிக்கை இருந்துச்சு. அது எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல. நீ உண்மையைச் சொன்ன பிறகும் அது திரும்பி வரல."

சின்னு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதை ஏற்கெனவே பலமுறை கேட்டுவிட்டாள். அவரும் பலமுறை விடும்மா என்று சொல்லிவிட்டார்.

"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடி" என்றார் அத்தான், பெட்டியைக் காட்டி. அவள் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் நாடாவை இழுத்து நேராக ஒட்டினார். ஒட்டியபிறகு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு இன்னொரு முறையும் தடவினார்.